பிழைத்தவை எத்தனை?

1

இந்தக் கதை போன ஞாயிற்றுக்கிழமை புனேயின் கட்கி சர்ச் வாசலில் என் காதில் விழுந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சொன்னவர் தன் பெயரை மாற்றச் சொன்னார், கன்றுகளின் எண்ணிக்கையையும் மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன். இருந்தும் எழுத உட்கார்ந்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "புனேயின் வெயில் ஆண்டுக்கு ஆண்டு" — வேண்டாம், வெயிலைப் பற்றி யார்தான் எழுதவில்லை?

இரண்டாவது: மில்ட்ரெட் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். ஓய்வுபெற ஏழு மாதம். அலுவலக ஏசியும் ஜீப்பும் கக்கும் கரிக்கு ஈடாக ரஞ்சன்காவ் பக்கம் நானூறு கன்றுகள் நட்டிருந்தார்கள். அதற்கான படிவம் மட்டும் மராத்தியில் வரும். சென்ற ஆண்டுவரை கட்டத்தில் 'லாவ்லேலி' என்றிருந்தது, அதாவது நட்டவை. இந்த ஆண்டு 'ஜக்லேலி' என்று மாற்றிவிட்டார்கள், பிழைத்தவை. மில்ட்ரெட் மராத்தியில் காய்கறிக்காரியோடு சண்டையே போடுவாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்று, 'லேலி'. பழக்க தோஷத்தில் 400 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

(தமிழில் பிழை என்றால் தவறு, பிழைத்தால் உயிரோடிருப்பது. இதை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் பயந்து கிடக்கும்போது எனக்கென்ன சொல் விளையாட்டு? கிழித்துப்போட்டேன்.)

3

ஆய்வுக்குழு வருகிறது என்று கடிதம் வந்த பிறகுதான் தவறு தெரிந்தது. அவளும் கணவர் இன்பநாதனும் எஸ்டி பஸ் பிடித்து ரஞ்சன்காவ் போனார்கள். வரிசை வரிசையாகக் காய்ந்த குச்சிகள்.

"முப்பத்தேழுதான் பச்சையா இருக்கு," என்றார் இன்பநாதன்.

"இன்னொரு தடவ எண்ணுங்க."

"மூணு தடவ எண்ணியாச்சு, மில்ட்ரெட்."

"பென்ஷன நிறுத்திருவாங்களாங்க?"

இன்பநாதன் அவள் தோளைத் தொட்டு

[ஆறுதல் சொல்ல வைக்கப் பார்த்தேன். அவருக்கும் பயம். அதற்குமேல் வாக்கியம் ஓடவில்லை.]

4

மறுநாள் அதிகாரி ஜெயந்திடம் உள்ளதைச் சொன்னாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. புதுப் படிவம் ஒன்றை நீட்டினார்.

"மேடம், ஆதி சஹி கரா. ஆக்டா நந்தர்."

முதலில் கையெழுத்து, எண் அப்புறம். அந்த அலுவலகத்தில் எத்தனையோ வருடமாக எல்லாப் படிவத்துக்கும் அப்படித்தான். போட்டுக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான், காலிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டது உறைத்தது.

5

ஒரு முடிவு: ஜெயந்த் 37 என்று எழுதி, முதல் படிவத்தின் பொய்யை முழுக்க அவள் தலையில் கட்டுகிறார்.

இன்னொன்று: டெம்போவில் நர்சரிக் கன்றுகள் வந்து இறங்குகின்றன. ஜெயந்த் 400 என்றே எழுதுகிறார். கோடையில் அவையும் காயும். அப்போது அவள் பெயரில் இரண்டு பொய்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது: மில்ட்ரெட் நேரே போய்ப் படிவத்தைத் திருப்பிக் கேட்கிறாள். இதை எனக்குக் கதை சொன்ன அவளிடமே போனில் படித்துக் காட்டினேன்.

"நான் எங்க கேட்டேன்? அந்த ரூம் பக்கம் போகவே பயமா இருக்குங்க," என்றாள்.

6

இன்று செவ்வாய். வியாழனன்று குழு வருகிறது. படிவம் ஜெயந்தின் மேஜையில் கிடக்கிறது, கட்டம் இன்னும் காலி. நான் எந்த எண்ணும் எழுதப்போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள், என்ன எழுதினாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கீழே இருக்கும் கையெழுத்து அவளுடையது.