வெண்ணந்தூருக்கு நேரே பெயர் இல்லை

நாற்பத்தாறாம் வருஷம், லைசென்சு வாங்கிய வைத்தியர்களின் பதிவுப் புத்தகத்தோடு சேலத்திலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். எந்த ஊரில் யார் வைத்தியம் பார்த்தார்கள் என்று ஆராய்கிறாராம். வெண்ணந்தூருக்கு நேரே ஒரு பெயரும் இல்லை என்றார்.

கிழவர் சடையனுக்குச் சுருக்கென்றது.

"எங்க குழந்தைவேல் வைத்தியர் இருந்தாருங்களே. பதிய வந்த ஆபீசரை வரி போட வந்தவருன்னு நெனச்சு, சோளக்காட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டாரு. ஊரும் அப்படி ஆளே இல்லீங்கன்னுடுச்சு."

"சாட்சி இருந்தா எழுதிக்கிறேன், பெரியவரே."

இவரும் வரிக்குத்தான் வந்திருப்பாரோ? இருந்தாலும் செத்தவர்மேல் யார் வரி போடுவார்கள்? கமலை இறைக்கும் கிணற்று மேட்டில் விழுந்து முறிந்த தன் கைக்கு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதும், வலி மறக்கக் கழுதைக் குரலில் பாடியதும் சடையனுக்கு இன்றும் நினைவில் நின்றன. கையை நீட்டினார்.

"மடக்கிப் பாருங்க."

வாத்தியார் மடக்கிப் பார்த்தார். "ஒரு கை போதாதே."

சடையன் தறிக்குழிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "வீரா, உன்ர காலைக் காட்டோணும், வாடா. மாரியாயி, தோள்பட்டையோட நீயும் வா. நம்ம வைத்தியரை இல்லைங்கறாங்க."

எல்லோரையும் பார்த்துவிட்டு வாத்தியார் பேனாவைத் திறந்து வெண்ணந்தூருக்கு நேரே எழுதினார்.

"எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க," என்றார் சடையன்.