மங்கிக் கிடந்த முதல் வரி

பென் டிரைவ் முதல் தடவை உள்ளே போகவில்லை. தமிழ்மணி அதைத் திருப்பிச் செருகிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, சரியாகப் போய்விட்டதா என்று கேட்டாள். சக்கர நாற்காலியில் இருந்த இளவேனில் திரையைப் பார்த்தாள். மூலையில் ஒரு சின்னக் கட்டம் தோன்றி மறைந்தது. அவள் கீபோர்டின் மேல் கையைக் கொண்டுபோய், விரலைத் தேடி இறக்கினாள். "போச்சு" என்றது கம்ப்யூட்டர்.

இளவேனிலுக்குப் பேச்சு அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்ததில் கையும் காலும் கழுத்தும் அவள் நினைத்தபடி நடந்துகொள்ளாத உடம்பு. தொண்டையிலிருந்து சத்தம் வரும், சொல் வராது. இடது கை ஆட்காட்டி விரல் மட்டும் ஓரளவுக்கு அவள் நினைத்த இடத்துக்குப் போகும். கீபோர்டின் மேல் எழுத்துக்கு ஒரு துளை போட்ட பிளாஸ்டிக் தகடு பொருத்தியிருந்தது. மற்ற விரல்கள் தகட்டின் மேல் கிடக்க, அந்த ஒரு விரல் துளைக்குள் இறங்கி அமுக்கும். எழுதியதைக் கம்ப்யூட்டர் வாசிக்கும். ஒரு பெண்ணின் குரல்; 'ழ' வருமிடத்தில் தடுமாறும், கேள்வியைக்கூட உத்தரவு மாதிரிதான் சொல்லும். சொந்தக்காரர்கள் வந்தால் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இளவேனிலுக்குச் சிரிப்பு வந்ததில்லை. இருபது வயதில், முதன்முதலாக அந்தக் குரலில் அவள் சொன்னது, "காபிக்குச் சர்க்கரை வேணாம்" என்பது. அதுவரைக்கும் அம்மா ஆற்றிக் கொடுத்த சர்க்கரைக் காபியைத்தான் அவள் தினமும் குடித்து வந்திருந்தாள்.

செல்போனில் செய்யலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. கண்ணாடித் திரையில் அவள் கை பட்டால் ஒரே நேரத்தில் நாலு இடம் அமுங்கும். வேறு குரல்களும் வந்துவிட்டன என்றார்கள். அவள் தகட்டுக்கும், அவள் விரலின் தாமதத்துக்கும் பொருந்திப்போவது இது ஒன்றுதான். இதைச் செய்து கொடுத்த கோயம்புத்தூர் மையத்தை மூடிப் பல வருஷமாகிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் அதில் இதை ஏற்ற ஆள் கிடையாது. அதனால்தான் பழைய பெட்டியையே இத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் வேலை விடவில்லை. சென்னையில் பள்ளிக்கூட வழிகாட்டி நூல்கள் போடும் ஒரு பதிப்பகத்துக்கு அவள் வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுத்தாள். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் கம்ப்யூட்டர்கள் திங்கட்கிழமை முதல் தங்கள் தளத்துக்குள் வர முடியாது என்று அவர்களிடமிருந்து மெயில் வந்தது. இளவேனில் அதைப் பலமுறை படித்தாள். வேலையை விட்டால் குரல் தங்கும், அந்தக் குரலில் அம்மாவிடம் காபி கேட்கலாம். வேலையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் குரலைப் பணயம் வைக்க வேண்டும். இருப்பது இருந்தபடியே புதுச் சிஸ்டத்துக்கு ஏற ஒரு வழி உண்டு என்று தேடிப் படித்துவைத்திருந்தாள். ஏறினாலும் அங்கே பேசுமா என்பதைச் சொல்ல யாருமில்லை.

அண்ணன் முருகானந்தம்தான் புதுச் சிஸ்டத்தை இறக்கிப் பென் டிரைவில் போட்டிருந்தான்; சனிக்கிழமை அவனே உட்கார்ந்து செய்வதாக இருந்தது. அம்மா ஆனந்தவள்ளி பக்கத்தில் இருப்பாள், இளவேனிலின் சத்தத்தைப் புரிந்து சொல்வாள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணப்பாறையில் பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அம்மா அப்போதே பஸ் ஏறினாள். முருகானந்தத்தை அவன் வேலை பார்க்கும் துவாக்குடி ஷெட்டிலிருந்து, அவசர ஆர்டர் என்று விடிந்ததும் கூப்பிட்டார்கள். மிச்சமிருந்தது அண்ணி தமிழ்மணி. முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இளவேனிலைவிட வயதில் சின்னவள். எதுவானாலும், "இளவேனில் சாப்பிட்டாங்களா அத்தை?" என்று மாமியாரைத்தான் கேட்பாள். முகத்துக்கு நேரே அவளைக் கேட்டது குறைவு. பயமா, கூச்சமா என்று இளவேனிலுக்குப் பிடிபடவில்லை.

தொடங்குமுன் இளவேனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிச் சொல்லியிருந்தாள். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுத் திரையில் மூன்று வரி வரும். முதல் வரியைத் தொட வேண்டும். மற்ற இரண்டையும் தொடக் கூடாது. தமிழ்மணி பாடம் ஒப்பிப்பதுபோல அதைத் திருப்பிச் சொன்னாள்.

முதல் பிசகு, தமிழ்மணி திரையின் சொல்லுக்கு ரொம்பக் கீழ்ப்படிந்ததால் வந்தது. திறந்திருப்பதையெல்லாம் மூடு என்று திரை கேட்டது; தமிழ்மணி எல்லாவற்றையும் மூடினாள், பேசும் மென்பொருளையும் சேர்த்து. மவுஸை நகர்த்த இடமில்லையென்று கீபோர்டைத் தகட்டோடு தூக்கிக் கட்டிலில் வைத்தாள். இளவேனில் சத்தம் போட்டபோது, "இதோ ஆயிடுச்சுங்க" என்று சமாதானம் சொன்னாள். அந்த நிமிஷத்திலிருந்து இளவேனிலிடம் ஒரு சொல்லும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மூன்று வரிகள் வந்தன. முதல் வரி மங்கிக் கிடந்தது, கழுவிக் கழுவி வெளுத்த துணி மாதிரி. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள் என்ற வரி அது. தமிழ்மணி அதன்மேல் திரும்பத் திரும்ப அமுக்கினாள். அசையவில்லை. இரண்டாவது வரிக்கு எதிரே புள்ளி தானாகவே விழுந்திருந்தது. அதன்படி படங்களும் கோப்புகளும் தங்கும். மென்பொருள்கள் அத்தனையும் துடைபட்டுப்போகும்.

"முதலாவது அமுங்க மாட்டேங்குது. ரெண்டாவது அதுவாவே வந்திருக்கு, அதுலயே விட்டுடவா?" என்றபடி தமிழ்மணி அம்புக்குறியைக் கீழே இருந்த பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.

இளவேனில் கத்தினாள். உடம்பு முழுக்க ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது, கால் எகிறி மேசையில் இடித்தது. வேண்டாம் என்பதுதான் அந்தச் சத்தம். ஆனால் அவள் தொண்டையில் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒரே மாதிரிதான் வரும். தலை ஆடியது; பதற்றம் வந்தால் அது எல்லாப் பக்கமும் ஆடும், ஆமா இல்லை எதற்கும் உதவாது. தமிழ்மணி மவுஸை விட்டுவிட்டு எழுந்தாள். முகம் வெளிறிவிட்டது. வலிப்பு வந்துவிட்டதென்று நினைத்தாள் போல. செல்போனை எடுத்து மாமியாருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, இளவேனிலின் வாயருகே பிடித்தாள்.

ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவே அம்மாவின் குரல் வந்தது. இளவேனிலுக்கு உயிர் வந்தது. மொத்த மூச்சையும் கூட்டி அம்மாவிடம் சொன்னாள். அம்மா கவனமாகக் கேட்டாள். அப்புறம், "அவளுக்கு பாத்ரூம் வருது மணி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? சீக்கிரம் கூட்டிட்டுப் போ" என்றாள்.

தமிழ்மணிக்கு ஒரு வேலை கிடைத்த நிம்மதி. நாற்காலியைத் திருப்பித் தள்ளினாள். திரை இளவேனிலின் பார்வையிலிருந்து வழுகிப்போனது. அம்புக்குறி அந்தப் பொத்தானின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு பூனை மேசையில் ஏறினால் போதும், யாராவது துடைக்கிறேன் என்று மவுஸைத் தொட்டால் போதும். அவள் கழுத்தை முடிந்தமட்டும் பின்னால் முறுக்கினாள். நரம்பு இழுத்து வலித்தது, விடவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வலியால் மட்டுமல்ல. அம்மா எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள்.

பாத்ரூம் நிலைப்படியில் நாற்காலி நின்றது. தமிழ்மணி முன்பக்கம் சுற்றி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இவ்வளவு நேரம் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. போனில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாத்ரூமுக்கு இல்லதானே?" என்று தமிழ்மணி மெதுவாகக் கேட்டாள்.

இளவேனிலின் தலை ஆடியது.

"தலை வேணாம். கண்ணு மட்டும். ஆமான்னா மூடு. இல்லன்னா தொறந்து வச்சுக்க."

இளவேனில் கண்ணை மூடினாள். இறுக்கி, நெடுநேரம் மூடியிருந்தாள்.

கூட்டிக்கொண்டு போனாயா என்று அம்மா போனில் கேட்டாள். "ஆச்சு அத்தை" என்று சொல்லித் தமிழ்மணி இணைப்பைத் துண்டித்தாள். நாற்காலியை வேகமாகத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாவது வரியோடு போகட்டுமா? கண் திறந்தே இருந்தது. எல்லாவற்றையும் மூடிவிடவா? கண் மூடியது. நிறுத்தினால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாதே? மூடியது. தமிழ்மணி மவுஸைத் தொடுமுன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். திரை பழைய நீல நிறத்துக்குத் திரும்பியபோது இருவருமே மூச்சு விட்டார்கள்.

கீபோர்டு மேசைக்கு வந்து, குரலும் திரும்ப வந்ததும் இளவேனில் சொன்னது கோளாறு எங்கே என்பதைத்தான். அண்ணன் இறக்கியது வேறு ஊர் இங்கிலீஷில் இருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது அமெரிக்க இங்கிலீஷ். இரண்டும் ஒன்றானால்தான் முதல் வரி தெளியும். இங்கிலீஷில்கூடச் சாதி இருக்கிறதா என்று தமிழ்மணி கேட்டாள். இளவேனில் சிரித்தாள். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தமிழ்மணி இப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

சரியானதை இறக்கப் பகல் முழுக்க ஆயிற்று. கொள்ளிடம் பாலத்தின் மேல் ரயில்கள் போவதும் வருவதும் கேட்டது. தமிழ்மணி தயிர்சாதம் பிசைந்து ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, அத்தைக்கு எல்லாமே புரியும் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்றாள்.

இளவேனில் பதிலுக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். விரல் இரண்டு தடவை தப்பான துளையில் இறங்கியது. அழித்து மறுபடி தட்டினாள்.

"பாதிதான் புரியும். எனக்கு எப்பவோ தெரியும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றது குரல், வழக்கம்போல உத்தரவு மாதிரி.

தமிழ்மணி தட்டைக் கழுவப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

இரண்டாவது முறை மூன்று வரிகள் வந்தபோது முதல் வரி கறுப்பாக, தெளிவாக நின்றது. தமிழ்மணி அதைத் தொட்டாள், உடனே அடுத்ததை அமுக்கவில்லை. ஏறின பிறகு குரல் வராமல் போனால் என்ன செய்வது என்று கேட்டாள். இந்தத் தடவை குரலை மூடுமுன் கேட்டாள். கீபோர்டும் மடியருகே இருந்தது. இளவேனில் தட்டத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். தமிழ்மணி அமுக்கினாள்.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. எண் ஏறியது, நின்றது, ஏறியது. கம்ப்யூட்டர் தானே அணைந்து எழுந்தது, மறுபடி அணைந்தது. ஒரு தடவை திரை கறுத்து, உள்ளே காற்றாடி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அந்தக் கறுப்பில் தங்கள் இருவர் முகமும் தெரிவதை இளவேனில் பார்த்தாள். தமிழ்மணி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருந்தாள். இளவேனிலின் கை ஆடி அவள் கையில் மோதிக்கொண்டே இருந்தது. அவள் நகர்த்தவில்லை.

சாயங்கால வெயில் ஜன்னலில் மஞ்சளானபோது புது முகப்பு வந்தது. தமிழ்மணி முதலில் பதிப்பகத்தின் தளத்தைத் திறந்தாள். அது மறுக்காமல் உள்ளே விட்டது; திங்கட்கிழமைக்கான பக்கங்கள் வரிசையாக நின்றன. பிறகு பேசும் மென்பொருள். வைத்த இடத்திலேயே இருந்தது, திறந்தது. இளவேனில் 'அ' தட்டினாள். எழுத்து விழுந்தது. சத்தம் வரவில்லை. தமிழ்மணி ஸ்பீக்கரைத் திருகினாள், ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். மணிச்சத்தம் வந்தது, பாட்டு வந்தது. அந்தக் குரல் மட்டும் வரவில்லை. இளவேனில் திரையில் இருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தேடிப் பார்க்கலாம், ஏதாவது வழி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அப்போது போன் அடித்தது. அம்மா. பெரியம்மாவுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன் என்றாள். பாப்பா என்ன செய்கிறாள், அவளிடம் கொடு, சத்தத்தைக் கேட்டாலே எனக்குத் தெரிந்துவிடும் என்றாள்.

தமிழ்மணி போனை அவள் வாயருகே கொண்டுபோகவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இளவேனில் அவளைப் பார்த்தாள். பிறகு விரலைத் துளைக்குள் இறக்கினாள்.

"மணி? லைன்ல இருக்கியா?"

"இருங்க அத்தை. சொல்லிட்டு இருக்காங்க. முடிக்கட்டும், படிச்சுச் சொல்றேன்."

மறுமுனையில் ஆஸ்பத்திரி மின்விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது. திரையில் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. திரைக்கு வெகு அருகில் குனிந்திருந்த தமிழ்மணியின் உதடுகள், இன்னும் முடியாத சொல்லைச் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டிருந்தன.