ஸ்டாண்டன் துறைமுகத்தில் காற்று நிற்காத கோடை

டயரில் காற்று நிற்காது என்று நன்றாகத் தெரிந்தும், லூசிண்டா அருடா வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து பம்பை அமுக்கி அமுக்கி அடித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு அவள் பாஸ்டனில் விசாரணை அறையில் இருந்தாக வேண்டும். டயர் கொஞ்சம் எழும், ஒரு பெருமூச்சு விடும், மறுபடி தரையோடு படுத்துக்கொள்ளும். காரில் கோளாறு எதுவும் இல்லை. எங்கள் அணியின் கோல்டன் ஹேலுக்கு நான்கு ஆட்டங்கள் தடை என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஸ்டாண்டன் துறைமுகத்தில் எதிலும் காற்று நிற்பதில்லை.

முதல் வாரம் இரும்புக் கடையில் பம்புகள் விற்றுத் தீர்ந்தன. இரண்டாம் வாரம் யாரும் வாங்கவில்லை. பாஸ்டன் பஸ் ஊர் எல்லைப் பலகைக்கு அந்தப்பக்கமே நின்று ஆளை இறக்கிவிட்டுத் திரும்பியது. மாதா கோயில் ஆர்கன் ஊமையாகி, பூசைப் பாட்டு வெறும் தொண்டையில் நடந்தது. பேக்கரியில் இனிப்பு ரொட்டி அடுப்புக்குள் போனபடியே தட்டையாக வெளியே வந்தது. விலை மட்டும் குறையவில்லை. படகுகளில் இருந்த உயிர்காப்பு மிதவைகள் சுருங்கிப்போனதால் கடலோரக் காவல்படை யாரையும் கடலுக்கு விடவில்லை. ஸ்காலப் சிப்பி பவுண்டுக்கு மூன்று டாலர் ஏறியது. மனிதர்களின் மூச்சுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அதுவும் ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நடுவாக்கியத்தில் இளைத்தது.

இத்தனைக்கும் தொடக்கம் ஜனவரியில் நடந்த அமெரிக்கக் கால்பந்து அரையிறுதி. எங்கள் அணி ஹார்பூனர்ஸ். பந்தை எறிகிறவன் ஹேல். அந்த முட்டை வடிவப் பந்தில் காற்று கொஞ்சம் குறைந்தால் எறிகிறவன் விரலுக்குப் பிடி வசமாகக் கிடைக்கும். அதனாலேயே இவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று லீக் விதி வைத்திருக்கிறது. ஆட்டத்தில் நாங்கள் எதிரணியைத் துவைத்து எடுத்தோம். அவர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே, பந்து தொளதொளவென்று இருக்கிறது என்று புகார் கொடுத்தார்கள். இடைவேளையில் காற்றை அளந்த இரண்டு மானிகளும் இரண்டு விதமாகச் சொன்னதால் அந்தப் பந்துகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது ஒரே பந்து. கடைசிப் புள்ளி எடுத்த சந்தோஷத்தில் ஹேல் அதைக் கூட்டத்துக்குள் வீசியிருந்தான். அது லூசிண்டாவின் மடியில் வந்து விழுந்தது.

லூசிண்டா மீன் தொழிற்சாலையில் முள் நீக்கி ஃபில்லெட் வெட்டுகிறவள். சீசன் டிக்கெட்டை அப்பாவிடமிருந்து சொத்தாகப் பெற்றவள். பக்கவாதம் வந்தபிறகு வீட்டைவிட்டு வராத, யாரையும் வீட்டுக்குள் விடாத தன் புருஷன் ஸெஃபுக்காகப் பந்தைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புகார் ஊரெல்லாம் பரவி, ரேடியோவில் எவனோ ஒருவன் ஹேலைத் திருடன் என்றபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த ரேடியோவுக்கே போன் போட்டாள். "எங்கிட்ட ஒரு பந்து இருக்கு. வந்து அளந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்று ஆறு மாநிலம் கேட்கச் சொன்னாள். மறுநாள் காலையிலேயே லீக் ஆட்கள் வந்தார்கள், பின்னாலேயே தொலைக்காட்சி வந்தது. வீட்டில் யாராவது இதைத் தொட்டீர்களா என்று தெருவே பார்க்கக் கேட்டார்கள். இல்லை என்றாள். அளந்தார்கள். காற்று குறைந்திருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல் குறைந்திருந்தது. லீக் மெதுவாக யோசித்து மே மாதத்தில் முடிவைச் சொன்னது. ஹேலுக்குத் தடை. பந்துகளைக் கவனித்துக்கொண்ட உபகரணக்காரன் லென்னி சூஸாவுக்கு வேலை போனது.

லென்னி எங்கள் ஊர்க்காரன். லூசிண்டா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தான்.

நார்ம் கப்ராலின் பாரில் அந்தக் கோடை முழுக்க வேறு பேச்சே இல்லை. ஒரு கட்சி குளிர் என்றது: ஜனவரிக் குளிரில் காற்று சுருங்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். நார்ம் இதை நிரூபிக்கிறேன் என்று ஒரு பந்தை ஐஸ் பெட்டியில் வைத்தான். வெளியே வைத்த பந்தும் சப்பையாகிவிட்டதால் ஒப்பிட வழியில்லாமல் போயிற்று. இன்னொரு கட்சி, லீக்கே எதிரணியின் கைக்குள் என்றது. மூன்றாவது கட்சி லென்னியின் பெயரை முதலில் மெல்லத்தான் சொன்னது. ஹேல் குற்றவாளியாக இருக்கக் கூடாது, ஆனால் யாராவது இருந்தாக வேண்டும் என்ற கணக்கில் அந்தக் கட்சி வளர்ந்தது. ஜூன் பிறந்தபோது குளிர்க் கட்சியில் நார்ம் மட்டும்தான் மிச்சம். ஒரு காலையில் லென்னி வீட்டு ஜன்னல் உடைந்திருந்தது. இன்னொரு காலையில் வாசல்படியில் அழுகிய மீன்குடல் ஒரு வாளி கொட்டிக் கிடந்தது. ஃபோர்க்லிஃப்ட் என்கிற சுமைதூக்கி வண்டி ஓட்டுகிற வால்ட் பஷேகோவின் வாளி அது என்று எல்லோருக்கும் தெரியும்; யாரும் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் லென்னி பாருக்கு வந்தான். வழக்கமான ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றான். அதில் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்கவில்லை. லென்னி சுற்றிலும் பார்த்தான். அவன் பார்வை லூசிண்டாவிடம் வந்தபோது அவள் தன் கிளாஸுக்குள் எதையோ தொலைத்தவள் போலத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

இப்போது தடையை எதிர்த்து ஹேலின் மேல்முறையீடு. பந்தை எடுத்தவள் என்பதால் லூசிண்டாவை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் வார்த்தையில் தடை விலகினால் ஹேல் ஆடுவான், லென்னிக்கு வேலை திரும்பும். அதனால்தான் வாசலில் அந்தப் பாடு.

பம்ப் சத்தம் கேட்டு வந்த நார்ம், ஊரில் ஓடக்கூடிய ஒரே வண்டி எது என்று யோசித்து வால்ட்டைக் கூப்பிட்டான். மீன் ஏலக்கூடத்து ஃபோர்க்லிஃப்டுக்குக் கட்டி ரப்பர் டயர். காற்றோடு அதற்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. முன்னால் நீட்டிய இரும்புக் கரங்களில் ஒரு மரத்தட்டு வைத்து, அதன்மேல் பார் நாற்காலி ஒன்றைப் போட்டு, லூசிண்டாவை உட்கார வைத்து ஒரு முழம் உயர்த்தினார்கள். நார்ம் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லைப் பலகைக்கு அப்பால் அவள் நாத்தனார் காரோடு காத்திருப்பாள். திருவிழாவில் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு போவது போல அவளைக் கொண்டுபோனார்கள். ஜனம் வாசலுக்கு வந்து கையாட்டியது. ஒருத்தி சிலுவைக்குறி போட்டாள்.

"லூசி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத" என்றான் நார்ம். "நீதான் காத்தைப் புடுங்குனேன்னு சொல்லிடு."

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லச் சொல்றியாடா?" என்றான் பின்னாலிருந்து வால்ட்.

"டீமுக்குச் சொன்னா அது பொய்யில்லடா. ஃபாதரே மன்னிச்சுருவாரு. இவளுக்கு என்ன, தடையா போடப் போறாங்க? மிஞ்சிப்போனா திட்டுவாங்க. நாம பாக்காத திட்டா?"

லூசிண்டா திரும்பவில்லை. "லென்னிக்கு வேலை திரும்பக் கெடைக்கும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"லென்னியா?" நார்ம் ரொம்ப நாள் கழித்துக் கேட்கிற பெயர் போல அதைச் சொன்னான். "கெடைக்கும் கெடைக்கும். ஹேல் வந்தா எல்லாம் வரும்."

ஃபோர்க்லிஃப்ட் அப்போது லென்னியின் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பலகை அடித்திருந்தது. வண்டிக்கு அதற்குமேல் வேகம் கிடையாது. வால்ட் கியரையே உற்றுப் பார்த்தபடி ஓட்டினான். வீடு பின்னால் போகும்வரை மூன்று பேருக்கும் இருமல் வந்துகொண்டிருந்தது.

பாஸ்டனில் அது ஒரு ஓட்டல் அறை. நீளமான மேசைக்கு அந்தப்பக்கம் லீக்கின் வக்கீலம்மா, வெள்ளிக் கண்ணாடி, மரியாதையான குரல். லூசிண்டா சத்தியம் செய்தாள். கேள்விக்குக் காத்திருக்கவில்லை.

"நான்தான் காத்தை எடுத்தேன். லென்னி இல்ல. ஹேலுக்கும் ஒண்ணும் தெரியாது."

வக்கீலம்மா பேனாவை மேசையில் வைத்தாள். "எதுக்கு எடுத்தீங்க, மிஸஸ் அருடா?"

லூசிண்டா கோட்டின் மேல் பொத்தானைப் பிடித்துத் திருகினாள். காரணம் வெளியே வரவில்லை.

"கோட்டைக் கொஞ்சம் தெறந்து காட்டுறீங்களா?"

உள்ளே ஹேலின் எண் போட்ட சட்டை. முக்கியமான நாளில் அதைப் போடாமல் அவள் வெளியே போனதே இல்லை. காலையில் கை தானாக எடுத்து மாட்டியிருந்தது. மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வக்கீலம்மா சிரிக்கவில்லை.

"உங்க ஊர்லேருந்து முப்பது பேருக்கு மேல போன் பண்ணி இதே வார்த்தையைச் சொல்லிட்டாங்க. நான்தான் எடுத்தேன், நான்தான் எடுத்தேன்னு. அதுல ஒருத்தர் பார் வெச்சிருக்கார். ஒருத்தர் பாதிரியார். நீங்க ஒருத்தர்தான் நேர்ல வந்துருக்கீங்க. அதுக்கு நன்றி."

"நான் சொல்றது நெசம்."

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க."

தடை அப்படியே நின்றது. லென்னியின் பெயரை அந்த அறையில் அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஊர் அவளைக் கொண்டாடியது. மற்றவர்களெல்லாம் போனில் சொன்ன பொய்யை லூசி நேருக்கு நேர் நின்று, பைபிள்மேல் கைவைத்துச் சொன்னாளே. நார்ம் எல்லோருக்கும் ஒரு சுற்று இலவசமாக ஊற்றினான். அவள் பெயரை ஒரு ஸ்டூலின்மேல் பித்தளையில் பொறித்தான். அது லென்னியின் ஸ்டூல். பொய் இல்லை, நிஜமாகவே நான்தான் எடுத்தேன் என்று அவள் சொன்னாள். பார் முழுக்கச் சிரித்தது. "இன்னும் விடமாட்டேங்குறா பாருடா!" என்று வால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் குரலை உயர்த்திச் சொன்னாள். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அழுதுகொண்டே சொன்னாள், முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அதற்குமேல் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் கூனிக் குறுகி, குளிரே இல்லாத மாதத்தில் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். லென்னி அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு வடக்கே மெய்ன் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த வண்டியில் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. நடந்துதான் போயிருக்க வேண்டும்.

அக்டோபரில் தடை முடிந்து ஹேல் களமிறங்கிய ஞாயிறு மதியம் ஊருக்குக் காற்று திரும்பியது. தெருவில் கார்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. மாதா கோயில் ஆர்கன் ஆளில்லாமலே ஒருமுறை முனகியது. படகுத் தளங்களில் மிதவைகள் படார் படாரென்று விரிந்தன. அருடா வீட்டுக்கு மட்டும் திரும்பவில்லை. லூசிண்டா கைபட்டதில், அவள் போய் நின்ற இடத்தில், காற்று தங்கவில்லை. ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. சில வீட்டில் ஈரம், சில வீட்டில் எலி, அந்த வீட்டில் காற்று இல்லை, அவ்வளவுதான். தபால்காரன் சைக்கிளை எதிர்ச்சாரியில் சாய்த்துவிட்டு நடந்து வந்தான். பிள்ளைகள் அவள் தெருவுக்குள் வருமுன் பந்தை மூலைக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். வால்ட் அவள் காருக்குக் கட்டி ரப்பர் டயர் மாட்டிக் கொடுத்தான். அவள் சுட்ட தட்டை ரொட்டிக்கு நாளடைவில் ருசி பழகி, பேக்கரிக்காரரே வாங்கி விற்றார். ஈஸ்டருக்கு முன்பதிவு வேண்டியிருந்தது. ஹேல் இன்னும் இரண்டு கோப்பை வென்று, முழங்கால் போய், ஓய்வு பெற்று, மாட்டுப் பண்ணை வாங்கினான். மானிகளை லீக் மாற்றியது. பாரில் வேறு சர்ச்சைகள் வந்தன, போயின.

ஒன்பதாவது வருஷம் ஸெஃப் இறந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் லூசிண்டா காரை எடுத்தாள். கட்டி டயரில் எலும்பெல்லாம் ஆட வடக்கே போய்ச் சேர மதியமாகிவிட்டது. கடலோரத்தில் தூண்டில் இரை விற்கிற கடை. லென்னிக்குத் தலை நரைத்திருந்தது. அவள் வண்டியிலிருந்து இறங்கியதும் அவனுடைய பிக்கப் வண்டியின் டயர்கள் நான்கும் மெல்ல அமர்ந்தன. கடைக்குள் நுழைந்ததும், உயிர்மீன் தொட்டியில் வந்துகொண்டிருந்த குமிழ்கள் நின்றன. லென்னி அதைப் பார்த்தான். எங்கள் ஊரில் பிறந்தவன். ஒன்றும் கேட்காமல் வலையை எடுத்து, மீன்களை அள்ளி, பின்கட்டுத் தொட்டிக்கு மாற்றத் தொடங்கினான்.

அவள் நின்றபடியே சொன்னாள். நான்தான் எடுத்தேன்.

"அதான் ஊரே சொல்லுச்சே, லூசி." அவன் திரும்பாமல் சொன்னான். "பாதிரியார்கூடச் சொன்னாராம். அதைக் கேட்டு நான் என்ன பண்ண?"

"ஸெஃபுக்கு வலது கை மூடாது, லென்னி. வாதம் வந்ததுலேருந்து. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருந்தான். ஹேல் எறிஞ்ச பந்தை ஒரே ஒரு தடவை புடிச்சுப் பாக்கணும்னான். பந்து கல்லு மாதிரி இருந்துச்சு. வழுக்கி வழுக்கி மடியில விழுந்துச்சு. குனிஞ்சு குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன். நாலாவது தடவை அவன் சொவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான். அப்பத்தான் பம்பு ஊசியச் சொருகிக் காத்தை எறக்குனேன். ரேடியோவுல பேசுறப்ப எனக்கு அது ஞாபகமே இல்ல. போனை வெச்சப்புறம் ஸெஃப் மூஞ்சியப் பாத்தேன். லீக்காரங்க வந்து கேட்டப்ப அவன் ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தான். அதான் இல்லைன்னுட்டேன்."

லென்னி வலையைக் கீழே வைத்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். அந்தக் கையை விரித்து மூடிப் பார்த்தான்.

"எவ்வளவு எடுத்த?" என்று கேட்டான்.

"அவன் வெரலு மூடுற வரைக்கும்" என்றாள்.