பெயரில்லாத ஆறு போத்தல்கள்

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

வாவியோரச் சோதனைச் சாவடியில் சிப்பாய் கேட்டதும் அன்னப்பூரணி உள்ளதைச் சொன்னாள். "தெரியா."

யுத்தம் நடந்த 2008இல் அந்த வீதியில் சொல்லக் கூடாத பதில் அது. பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

அன்னப்பூரணி வந்தாறுமூலையில் இரசாயனவியல் படிப்பிப்பவள். கூட வந்த நபீஸா ஏறாவூரில் சில பெண்களைச் சேர்த்துச் சவர்க்காரம் செய்பவள். புதுச் சவர்க்காரம் தோலில் ஒவ்வாமை தருமா என்று பார்க்காமல் விற்க அனுமதியில்லை. அதற்குக் கினிப்பன்றிகளின் முதுகைச் சிரைத்துப் பூசிப் பார்ப்பார்கள். "அது வேணாம்" என்றாள் அன்னப்பூரணி. ஒவ்வாமை தரும் பொருள் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சோதனைக் குழாயிலேயே பார்த்துவிடலாம். அனுமதிக் குழுவைச் சேர்ந்த றவூப், "அப்ப காட்டுங்க" என்று கொழும்பிலிருந்து ஆறு போத்தல்களை அனுப்பினார். மேலே இலக்கம் மட்டும். அவற்றைத்தான் அன்று பஸ்ஸில் கொண்டுபோனார்கள். எது ஒவ்வாமை தரும், எது தராது என்று, பெயர் தெரியாமலே சரியாகச் சொன்னால் அவளுடைய முறையை ஏற்பார்கள்.

அன்னப்பூரணி கொடுத்த இலக்கத்தில் சிப்பாய் றவூப்புக்குப் போன் எடுத்தான். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பெயரையும் உரக்கத் திருப்பிச் சொல்லத் தொடங்கினான்.

"ஐயோ, சொல்லாதீங்க!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அன்னப்பூரணி தண்ணீர்ப் பக்கம் ஓடினாள். துவக்குகள் நிமிர்ந்தன.

"சுட வேணாம், சுட வேணாம்!" என்று நபீஸா சிங்களத்தில் கத்தினாள்.

அன்னப்பூரணி கரையில் நின்று, வாவியைப் பார்த்தபடி ஏழாம் வாய்ப்பாட்டை உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிப்பாய் போனில் ஏதோ விசாரித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போங்க மிஸ், போங்க. பாஸாகுங்க."

பஸ்ஸில் நபீஸா மெல்லக் குனிந்தாள். "புள்ள, எனக்குக் கேட்டுட்டுகா. ரெண்டாவது..."

"வாயத் திறக்காதீங்க!"

நபீஸா முக்காட்டு நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். ஏறாவூரில் இறங்கும் வரை எடுக்கவேயில்லை.

கரண்ட் வந்தும் போயுமாக இருந்த ஒரு கிழமைக்குப் பிறகு அன்னப்பூரணி றவூப்புடன் பேசினாள். "அஞ்சுக்குச் சொல்றன். ரெண்டும் நாலும் ஒவ்வாமை தரும், மற்ற மூண்டும் தராது. ஆறாவது தண்ணியில கரையல்ல. அதுக்கு இந்த முறை சரிவராது."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

"அஞ்சும் சரி மிஸ்! கரையாத சாமானுக்கு ஏலாதெண்டு எழுதிப்போட்டு, மற்றதுக்கு ஏற்கிறம். குழுவில எல்லாருக்கும் சம்மதம்."

அவள் போனை வைத்தாளா என்பதே அவளுக்கு நினைவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறாவூருக்குப் போய்ச் சவர்க்காரக் கொட்டிலுக்குள் ஓடினாள். "ஏற்றுட்டாங்க! இனி உங்கட சவர்க்காரத்துக்குப் போடுற, தண்ணியில கரையிற ஒவ்வொண்டையும் நாமளே சோதிக்கலாம். நாளைக்கு எடுத்து வாங்க."

"நாளைக்கா?" நபீஸா கையைக்கூடக் கழுவவில்லை. நிறச்சாயப் போத்தலைத் தூக்கி அவள் கையில் திணித்தாள். "இப்பவே கொண்டு போங்ககா!"