பதினொரு கிலோவும் ஒரு கிரீம் பன்னும்

1
இந்தக் கதை எனக்கு எடை பார்க்கும் வரிசையில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதன்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் எடைக்குறைப்பு வகுப்பு. நடத்துபவர் நர்ஸம்மா. நாங்கள் பதினான்கு பேர். நான் தொண்ணூற்றிரண்டு கிலோ. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் தையல்கார அக்கா, சேர்ந்த அன்று எண்பத்துநான்கு.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலைப் பனியில் அவள் உருவம் ஒரு பெரிய..."

(அடித்துவிட்டேன். பனியும் இல்லை, அடுத்தவர் உருவத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதையும் இல்லை.)

நடந்தது இது. முதல் நாள், ஏன் எடை குறைக்க வேண்டும் என்று நர்ஸம்மா ஒவ்வொருவரையும் கேட்டார். தபால்காரர் முட்டிவலி என்றார். நான் சர்க்கரை என்றேன். அக்கா மட்டும், "சும்மாதாங்க" என்றார். எல்லோரும் கிளம்பினார்கள். நான் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவர் உண்மையைச் சொன்னார்.

"தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க. என்னோடது பொருந்துதாம். பதினொரு கிலோ குறைஞ்சு வந்தாத்தான் எடுப்போம்னு பெரியாஸ்பத்திரில சொல்லிட்டாங்க."

3
பத்து வாரத்தில் அக்காவுக்கு நான்கு கிலோ குறைந்தது. அப்புறம் முள் நகரவே இல்லை. ஒரு புதன்கிழமை ஒன்றரை கிலோ ஏறியும் இருந்தது.

"என்னம்மா சாப்பிடுறீங்க? ஒளிக்காம சொல்லுங்க" என்றார் நர்ஸம்மா.

"நீங்க சொன்னதத்தான். சாயங்காலம் ஒரு கிரீம் பன். தம்பி வாங்கிட்டு வருவான். முடியாதவன் ஆசையா நீட்டுறான், வேணாம்னா முகம் சுருங்கிடும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"நீங்க எதுக்கு இங்க வர்றீங்கன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுத்தானே..."

 தராசிலிருந்து இறங்கவும் மறந்து அக்கா அப்படியே நின்றார்.

4
முதல் பிரதியில் தம்பியை வில்லனாக்கினேன். அக்காவின் மேல் பொறாமை, பழைய சொத்துத் தகராறு என்று ஏதேதோ சேர்த்தேன். ஒட்டவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.*

* மோட்டார் காயில் கட்டுபவர். என் தண்ணீர் மோட்டாரைக் கொண்டுபோனபோது, "இது எரியல சார், ஒயர்தான் விட்டிருக்கு" என்று அங்கேயே முறுக்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். பொய் சொல்ல வராத ஆள்.

5
அன்று சாயங்காலமும் பன் வந்தது. அக்கா வாங்கவில்லை.

"எடை குறையக் கூடாதுன்னுதானே வாங்கிட்டு வர்ற?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். "உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குக்கா. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடமாடுறது?"

"வேணாம்னு வாயால சொல்ல வேண்டியதுதானேடா. பன்னால ஏன்டா சொன்ன?"

"வாயால சொன்னா நீ கேக்க மாட்ட. பன்னுன்னா சாப்பிடுவ."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். சிரித்து முடித்த பிறகுதான் அழுதாராம்.

6
பன் நின்றது. தைத்த துணிகளை அக்காவே நடந்துபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். பக்கத்து ஊர் வரைக்கும். ஆறாவது மாதம் தராசு எழுபத்திரண்டே முக்கால் காட்டியது. தபால்காரர் விசில் அடித்தார். நர்ஸம்மா அதட்டவில்லை.

ஆனால் தம்பி ஆபரேஷனுக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. "யோசிக்கிறேன்" என்றதோடு சரி. மூன்று வாரமாக அக்காவோடு பேச்சும் இல்லை.

7
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கையெழுத்துப் போடுகிறார். இன்னொன்றில் கடைசிவரை மறுத்து...

இரண்டையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை.

"ரெண்டும் வேணாம் சார். இந்த இடம் வரைக்கும் அச்சுல போடுங்க. டயாலிசிஸ்ல நாலு மணி நேரம் படுத்தே கிடக்கான். கைக்குக் கிடைச்சதெல்லாம் படிப்பான். எங்கிட்டதான் பேச மாட்டேங்குறான்."

ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். தம்பி, இது உங்களுக்கு. முடிவை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எடை ஏறிவிடக் கூடாது என்று உங்கள் அக்கா இன்றைக்கும் எட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்துதான் மிஷினில் உட்கார்ந்தார்.