கினு வராத இடம்

லோகநாதனுக்கு ஐரீனின் இங்கிலீஷில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை அவளுடைய தமிழில் இருந்தது. அந்தத் தமிழையும் அவள் அவரிடம் பேசவில்லை. நேர்முகத் தேர்வுக்கு வந்த இடத்தில், வாசலில் நின்ற பியூனிடம் மாடிக்கு வழி கேட்டிருக்கிறாள். "இன்னாபா, மேல போற படி எங்க கீது?" அவ்வளவுதான். மாடி ஜன்னல் திறந்திருந்தது. நுங்கம்பாக்கத்து அலுவலகங்களில் ஜன்னல்கள் இப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் திறந்திருக்கும்.

"ராயபுரமா?" என்று கேட்டார் லோகநாதன். மூக்கைச் சுளிக்காமல் கேட்கத்தான் முயன்றார். மூக்கு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ஜப்பானில் ஒரு துறைமுக ஊர். அங்கே பெண்கள் பள்ளியில் ஓராண்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க நம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை போக வேண்டும். கலாச்சாரப் பரிமாற்றத் திட்டம் என்று அதற்குப் பெயர். போகவரச் செலவும் தங்குமிடமும் மானியத்தில் கிடைக்கும். வார நாளில் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமையில் நம் நாட்டையும் நம் மொழியையும் பற்றி ஊராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஆள் பொறுக்குகிற வேலை லோகநாதனுடையது. எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாவற்றிலும் ஐரீன் முன்னால் நின்றாள். பாக்கி இருந்தது ஒரு மாதிரிப் பாடம். அவளுடைய பள்ளிக்கே வந்து, அவளுடைய வகுப்பிலேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஜப்பானிலிருந்து ஓகாவா என்ற பேராசிரியையும் வருகிறார்.

"ஒண்ணே ஒண்ணு மிஸ் ஐரீன்" என்றார் லோகநாதன். "பாடத்துல தமிழ் ஒரு வார்த்தை வரக்கூடாது. அதுலயும் அந்தத் தமிழ் வரவே கூடாது. நீங்க கலாச்சாரத்தைக் காட்டப் போறீங்க. எதைக் காட்டறதுன்னு நாங்க பார்க்கணும் இல்லையா?"

ஐரீன் தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தாள். பஸ் பாரிமுனை தாண்டும்வரை அவளுக்குக் காது சூடாக இருந்தது.

அவளுக்குப் போக வேண்டும். இதை ஒளித்துப் பேச என்ன இருக்கிறது? முப்பத்து மூன்று வயது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "படிச்ச பொண்ணு, வாய் ஜாஸ்தி" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள். மாதா கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் ஆசிரியையாகி, அதே சாக்பீஸ் தூளைத் தும்மிக்கொண்டிருக்கிறாள். இரும்புத்தாது ஏற்ற ஜப்பான் கப்பல் வருகிறது, ஏற்றிக்கொண்டு போகிறது. ராயபுரத்துக்கு வருகிற எல்லாமே திரும்பிப் போய்விடுகிறது, தான் மட்டும் இங்கேயே கிடக்கிறோம் என்று அவளுக்கு ஆத்திரம். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், யாருடைய மகள் என்று யாரும் கேட்காத ஊரில் நடக்க வேண்டும். அந்த ஆசை அவளைத் தூங்கவிடவில்லை.

அப்பா இக்னேஷியஸ் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். மனைவி போன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு முன்பும் அவர் பேசிக் கிழித்ததில்லை. ஆபீசர் திட்டினால் தரையைப் பார்ப்பார். யூனியன்காரர் திட்டினால் வானத்தைப் பார்ப்பார். மகள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "அரை மணி நேரம் வாயை மூடிகினு இரும்மா. அப்பால ஒரு வருசம் ஜப்பான்ல தொறந்துக்கலாம்."

"அந்த ஆளு நம்ம பேச்சைக் கேட்டு மூஞ்சைச் சுளிச்சாரு நைனா."

"சுளிக்கட்டும். அவுரு மூஞ்சி. நமக்கு இன்னா நஷ்டம்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஐரீனும் அப்படியே செய்வது என்று முடிவு பண்ணினாள்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பு. பிள்ளைகள் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின் வரிசையில் நாற்காலி போட்டு லோகநாதனும் ஓகாவா அம்மையாரும். ஓகாவா சின்ன உருவம், நரைத்த தலை, மடியில் கைப்பை. பாடம், நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்வது. ஐ ஆம் ஈட்டிங். ஷீ இஸ் சிங்கிங். ஐரீன் முழுக்க இங்கிலீஷில் ஆரம்பித்தாள். கீ கொடுத்த மாதிரி பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். லோகநாதனின் முகம் மலர்ந்தது.

பிறகு அவள் கேள்வி கேட்டாள். முதல் வரிசையில் ரஹீமுன்னிசா எழுந்தாள். ஐரீனின் வகுப்பில் இருப்பதிலேயே சூட்டிகையான பெண், வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள்.

"ஐ ஆம் நோயிங் தி ஆன்ஸர், மிஸ்."

ஐரீன் திருத்தினாள். ஐ நோ என்றால் போதும், அதில் ஐ-என்-ஜி சேர்க்கக்கூடாது என்று இங்கிலீஷிலேயே விளக்கினாள். ரஹீமுன்னிசா தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்விக்கு "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்றாள். அதற்கடுத்து "ஐ ஆம் லைக்கிங் மேங்கோ." பின்னால் லோகநாதன் தொண்டையைச் செருமினார். ஐரீன் மறுபடி விளக்கினாள். செயலைக் குறிக்கும் வினை, நிலையைக் குறிக்கும் வினை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. புத்தகத்தில் இருக்கிற விளக்கம், ஒரு எழுத்து பிசகவில்லை. நாற்பது முகங்களில் ஒன்றிலாவது வெளிச்சம் வரவேண்டுமே. வரவில்லை. ரஹீமுன்னிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளிநாட்டு அம்மா எதிரில் மிஸ்ஸின் மானத்தை வாங்கிவிட்டோம் என்று அந்தப் பெண் நினைக்கிறாள். அது ஐரீனுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஐரீன் சாக்பீஸை வைத்தாள்.

"ரஹீமு, இங்க பாரு. 'எனக்கு பதில் தெரிஞ்சிகினு கீது'ன்னு உங்க தெருவுல யாராவது சொல்லுவாங்களா?"

அழ இருந்த பெண் சிரித்துவிட்டாள். "யாரு மிஸ் சொல்லுவாங்க? தெரியும்னுதான் சொல்லுவோம்."

"சோறு?"

"துன்னுகினு கீறேன்."

"பாட்டு?"

"பாடிகினு கீறா."

"ரெண்டு அண்ணன்?"

"எனக்கு ரெண்டு அண்ணனுங்க கீறாங்க, மிஸ்." சொல்லி முடித்ததும் ரஹீமுன்னிசா நிறுத்தினாள். அவள் கண் பெரிதானது. "இதுல கினு வரல."

"வரல இல்ல? கினு வர்ற இடத்துல ஐ-என்-ஜி போடு. கினு வராத இடத்துல போடாத."

வகுப்பு பொங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு வாக்கியம் எடுத்துக் கினு போட்டுப் பார்த்தார்கள். பொருந்தாததைச் சொல்லி ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்தார்கள். கடைசி வரிசையில் குப்பம்மா என்ற பெண், அதுவரை இங்கிலீஷ் வகுப்பில் வாயே திறக்காதவள், கையைத் தூக்கினாள். "மிஸ், மாங்கா புடிச்சிகினு கீறேன்னு சொல்லலாம் மிஸ். அப்போ ஐ ஆம் லைக்கிங் சரிதானே?"

"மாங்கா புடிச்சிகினு கீறேன்னா இன்னா அர்த்தம்?"

குப்பம்மா யோசித்தாள். இல்லாத மாங்காயை வலது கையில் பிடித்துப் பார்த்தாள். "கையில வெச்சிகினு கீறேன்னு அர்த்தம்."

"அது ஐ ஆம் ஹோல்டிங். நாக்குக்குப் புடிச்சா?"

"புடிக்கும். கினு கெடையாது. ஐ லைக் மேங்கோ." அப்படிச் சொல்லி உட்கார்ந்தவள் முகத்தில் வகுப்பையே விலைக்கு வாங்கியவளின் தோரணை இருந்தது.

லோகநாதன் எழுந்துவிட்டார். "மிஸ் ஐரீன், திஸ் இஸ் இனஃப். நிறுத்துங்க."

நிறுத்தியிருக்கலாம். அரை மணி நேரம், அப்பா சொன்ன அரை மணி நேரம், அதில் பாதிகூட ஆகவில்லை. மன்னிப்புக் கேட்டு மறுபடி இங்கிலீஷில் ஆரம்பித்தால் இன்னும் வண்டி ஓடும். ஐரீன் அவரைப் பார்த்தாள். பிள்ளைகள் சட்டென்று அடங்கித் தங்கள் வாயைத் தாங்களே பொத்திக்கொண்டதையும் பார்த்தாள். அந்தப் பொத்திய கைகள்தான் அவளை உசுப்பிவிட்டன.

"பாடம் நடந்துகினு கீது சார்" என்றாள். "முடிஞ்சதும் பேசலாம்."

வேற்று நாட்டு அம்மாள் பக்கத்தில் இல்லாவிட்டால் லோகநாதன் என்ன செய்திருப்பாரோ. இப்போது உட்கார்ந்தார். மணி அடிக்கும்வரை பாடம் நடந்தது. கையை உயர்த்தாத பெண் ஒருத்தி பாக்கி இல்லை.

பாடம் முடிந்ததும் தலைமையாசிரியை ஓகாவா அம்மையாரைப் பள்ளியைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். ஆசிரியர் அறையில் லோகநாதனும் ஐரீனும். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கெஞ்சலாகவே பேசினார்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த அம்மாவுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இவங்களையே அனுப்புங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டாங்க."

ஐரீனுக்குக் கப்பலின் மேல்தளத்தில் தான் நிற்பதுபோலக் கண்ணில் தோன்றியது.

"ஆனா அந்தக் கினுவை அவங்க பிடிச்சுக்கிட்டாங்க" என்று லோகநாதன் தொடர்ந்தார். "தமிழ்னா அதுதான்னு நினைச்சுக்கிட்டு அங்கே போய்ச் சொல்லப் போறாங்க. இப்ப வந்து உங்ககிட்ட கேட்பாங்க. அது படிக்காத ஜனங்க பேசற தப்பான தமிழ், பிள்ளைங்களுக்குப் புரியணும்னு சும்மா சொன்னேன்னு நீங்களே சொல்லிடுங்க. ஒரு வார்த்தை போதும். நாளைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

"சொல்லலைன்னா?"

"அனுப்பறது நாங்க. அவங்க ஆசையைச் சொல்லலாம், அவ்வளவுதான். உங்க இடத்துக்கு வேற ஆள் இருக்காங்க."

ஓகாவா அம்மையார் உள்ளே வந்தார். பின்னாலேயே பிள்ளைகள் பட்டாளம். ரஹீமுன்னிசாவும் குப்பம்மாவும் கதவில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். அம்மையார் ஒவ்வொரு சொல்லாக நிதானித்து இங்கிலீஷில் கேட்டார்: "மிஸ் ஐரீன், அந்தச் சொல், கினு, அது என்ன தமிழ்?"

லோகநாதன் ஐரீனைப் பார்த்தார். ஐரீன் கதவுப் பக்கம் பார்த்தாள். அந்த இரண்டு பெண்களுக்கும் கேள்வி புரிந்திருந்தது. பாழாய்ப்போன அந்த அளவுக்கு இங்கிலீஷை அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"இந்த ஊர்த் தமிழ், மேடம்" என்றாள் இங்கிலீஷில், பிள்ளைகளுக்கும் புரியும்படி எளிமையாக. "என் அப்பா பேசுகிற தமிழ். நான் பேசுகிற தமிழ். இவர்கள் பேசுகிறார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை."

ஓகாவா அம்மையார் குனிந்து வணங்கினார். லோகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கார் காத்திருக்கிறது என்றார். வாசற்படியில் திரும்பி, "வருத்தப்படுவீங்க மிஸ் ஐரீன்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னார்.

"படுவேன் சார்" என்றாள் ஐரீன். "பட்டாலும் வேற மாதிரி சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னது பலித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவள் அழுதாள். நெஞ்சை நிமிர்த்தி நின்றவளுக்கு அழுகை வராது என்று யார் சொன்னது? கிடைத்துவிட்டதே, கைக்கு வந்துவிட்டதே என்று ஆற்றாமையில் அழுதாள். ஷிப்ட் முடிந்து வந்த இக்னேஷியஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரு வார்த்தைதானேம்மா" என்றார் கடைசியில்.

"நீ பேசுறது தப்புன்னு ஒரு வார்த்தை, நைனா. அதைச் சொல்லிட்டுப் போய் நான் அங்க இன்னாத்த சொல்லிக்குடுக்கிறது?"

அவர் தரையைப் பார்த்தார். ஐரீனுக்குப் பழகிப்போன பார்வைதான். "நானும் ஹார்பர்ல சேர்ந்த நாள்லேர்ந்து மூடிகினுதான் கீறேன்" என்று முணுமுணுத்தார். "எவன் இன்னா குடுத்தான் எனக்கு."

வெளியே குழாயடியில் குடங்கள் மோதின. தெருவுக்கெல்லாம் ஜப்பான் விஷயம் தெரியும். அடுத்த வீட்டுச் சிலுவையம்மாள் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னாண்ணே, பொண்ணு எப்போ கப்பல் ஏறுது?"

இக்னேஷியஸ் எழுந்து வெளியே போனார். உடம்பு சரியில்லை, தேதி தள்ளிப்போச்சு என்று எதையாவது சொல்லி மழுப்பிவிட்டு வருவார் என்று ஐரீன் நினைத்தாள். அதுதான் அவர் வழக்கம்.

"ஏறல" என்றார். ஷிப்டில் வின்ச் சத்தத்துக்கு மேல் கத்துவாரே, அந்தக் குரல். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை. "ஜப்பான்காரம்மா கூப்ட்டுச்சு. நம்ம பேச்சு தப்புன்னு சொன்னாத்தான் அனுப்புவேன்னான் நம்மாளு. முடியாதுன்னுட்டு வந்துகீறா எம்பொண்ணு."

சிலுவையம்மாள் உச்சுக்கொட்டினாள். "ஐயோ, சொல்லிட்டுப் போயிருக்கலாமேண்ணே. சொன்னா இன்னா, ஒட்டிக்குமா?"

"அப்போ நீ சொல்லு. இங்க வந்து எம் மூஞ்சைப் பாத்து, நீ பேசுறது தப்பு இக்னேஷியஸ்னு சொல்லு, பாக்கலாம்."

சிலுவையம்மாளின் குடம் நிரம்பி வழிந்தது, அவள் நகர்த்தவில்லை. ஐரீன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வெளியே போய் அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.