தலையும் வாலும் பார்த்த நிரல்

தங்கச்சி றஸீனாவுக்குப் பிள்ளை பிறந்த கையோடு இரத்தம் நிற்காமல் போகிறதாம். அவள் மாப்பிள்ளை அஸ்கர் ஆஸ்பத்திரித் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். "ராத்தா, பி இரத்தம் ஒரு பை கிடைச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ்."

றஸீனாவின் ராத்தா, மூத்த அக்கா ஸில்மியா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பி தன்னுடைய வகையல்லவா? றஸீனாவுக்கு ஓ!

யா அல்லாஹ், இது என் வேலை.

அந்த ஆஸ்பத்திரியின் சேர்வருக்குள் பத்து மெய்நிகர் கணினிகள் ஓடின. நினைவகம் போதவில்லை. அச்சொட்டாக ஒரே மாதிரி இரண்டு நினைவகப் பக்கங்கள் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். எல்லாரும் செய்கிற காரியம்தான். இவள் பெரிய கெட்டிக்காரி! முழுப் பக்கத்தையும் ஒப்பிட நேரம் போகிறதென்று, தலையையும் வாலையும் மட்டும் பார்க்கும்படி நிரலை மாற்றிவிட்டாள். வேகம் கூடியது. பாராட்டும் கிடைத்தது.

நோயாளியின் பெயர் தனிப் பக்கத்தில்; விபரப் பக்கத்தில் தலையில் தகப்பன் பெயர், வாலில் முகவரி, நடுவில் இரத்த வகை. ஸில்மியாவும் அதே ஆஸ்பத்திரியில் பதிந்தவள். இரண்டு பேருக்கும் வாப்பா முனாஸ்தான். பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற ஊர் காத்தான்குடி. அவர் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். முகவரியும் ஒன்றே. நிரல் தங்கச்சியின் பக்கத்தை விட்டுவிட்டு, இவளுடையதை வைத்துக்கொண்டது.

அவசரத்தில் பிரசவ வாட்டின் இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அழுத்தினாள். மூன்றாவது தரம் நேர்ஸ் ஹிதாயா எடுத்தாள்.

"றஸீனாக்கு அந்த இரத்தத்த ஏத்தாதீங்க! அவக்கு ஓ!"

"ஸ்கிரீன்ல பி எண்டுதானே இரிக்கி. இரத்தத்தப் பொருத்திப் பாக்க நேரமில்ல எண்டு டொக்டர் செல்லிட்டார். நீங்க ஆரு?"

சொன்னால் வேலை போகும், பொலிஸும் வரும். போகட்டும், வரட்டும்.

"அந்த புறோகிராம எழுதினவ நான்தான். பிழை என்ட."

போன் மேசையில் விழுந்தது. இரத்தப் பை தொங்கும் கம்பம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஹிதாயா மூச்சு வாங்கியபடி வந்தாள்.

"பைய கொழுவி இரிந்திச்சி, குழாய் திறக்கல்ல. கழட்டிட்டன். ஓ எடுக்கச் செல்லியிரிக்கன்."

ஸில்மியா நிலத்தில் குந்தி, வாய்விட்டு அழுதாள்.

"அழாதீங்க, கேளுங்க." ஹிதாயாவின் குரல் மாறியிருந்தது. "காலையில ஸுஹைனா எண்டவக்கும் ஸ்கிரீனப் பாத்துத்தான் ஒரு பை ஏத்தினம். அவட ராத்தாவும் இஞ்சதான் பதிஞ்சவ."

"ரெண்டு பேரும் ஒரே வளவா?"

"இந்த ஊர்ல ஆர்தான் ஒரே வளவுல இல்ல?"

அதற்குப் பிறகு, ஸுஹைனாவின் வாட்டுப் பக்கம் ஹிதாயா ஓடுகிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.